கிளம்பிட்டோம்

எங்கள் அண்ணி ஒரு காகிதத்தில் அடித்த டிக்கினால் ஒரு மனுஷன் எரிந்து செத்தார் என்று எங்கள் குடியிருப்பில் எட்டு மாதம் பேசினார்கள். பேசின வாய்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டன, அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்த டிக் எப்படி விழுந்தது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அண்ணி, நான், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணி திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் திறக்காததற்குப் பெயர் பயம். செயலாளரை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டையைச் செருமிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவார்.

அவள் பேரைக் காப்பாற்ற என் ஒருவனால்தான் முடியும். அது தெரிந்தும் எட்டு மாதம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவன் நான். அவளைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. ஆனால் வேறு யார் எழுதுவார்கள்? என் அண்ணனா? அவர் பஸ் ஓட்டுகிறவர். லீவு லெட்டர் எழுதச் சொன்னாலே பேனா எழுதவில்லை என்பார்.

அண்ணிக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து யூனிட் குறிக்கவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த மேட்டில் ஏறி இறங்குகிறாள். மேட்டில் மூன்று வரிசை, அறுபத்து நாலு வீடு. மேல் வரிசைக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் காடு. காடு என்றால் பெரிய மரங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முள்ளும் புதரும், வெயில் காலத்தில் இடுப்பளவு காய்ந்த புல்லும்தான். எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்கா. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, எந்த வீட்டில் மருமகள் கதவைத் திறப்பாள், எந்த வீட்டில் மாமனார் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்புவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"மூணாவது வரிசைல நடு வீடு, யூனிட் திடீர்னு ஏறியிருக்கு தம்பி. யாரோ படுத்துட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்பாள். விசாரித்தால் அந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மீட்டரைப் பார்த்தே வீட்டுக்கு உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவாள். அண்ணன் கல்யாணத்தின்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு அல்ஜிப்ரா சொல்லிக்கொடுத்ததும் அவள்தான், வராதபோது முதுகில் ரெண்டு வைத்ததும் அவள்தான். இப்போது மேட்டுக்குக் கீழே கல்குவாரிக்குப் போகிற பாதை பிரிகிற இடத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மெஷின் ரெண்டு, லேமினேஷன் ஒன்று, பேப்பர் பண்டல் ஏற்ற ஒரு பழைய வேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தீ வந்தது. வேலி வரைக்கும் வந்து, காற்று திரும்பியதால் தானாகப் போய்விட்டது. ஆனால் அன்றைக்குக் கீழே இறங்க ஒரே ஒரு ரோடு. அதில் எல்லாக் காரும் ஒரே நேரத்தில் இறங்கி மாட்டிக்கொண்டன. செயலாளர் தன் காரை நடு ரோட்டில் குறுக்கே நிறுத்திவிட்டு டிவியை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் கடவுள் புண்ணியம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அண்ணிக்கு மட்டும் ஆறவில்லை. மறுநாள் காலை கடைக்கு வந்து, "ஒரு பெரிய பேப்பரா குடு" என்று கேட்டாள்.

அதில்தான் பட்டியல் ஆரம்பமானது. வீட்டு எண், எத்தனை தலை, யாருக்கு மூச்சுத் தொல்லை, நாய் உண்டா, வண்டி உண்டா, எந்த வழியில் இறங்கவேண்டும். குவாரிக்காரரிடம் நாலு மாதம் நடையாய் நடந்து பின்பக்க கேட் சாவியில் ஒரு நகல் வாங்கினாள். அதனால் மேல் வரிசைக்கு இரண்டாவது வழி கிடைத்தது. மீட்டர் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பாள். "உங்க கூரைத் தண்ணிக் குழாய்ல கிடக்கற சருகு ஒண்ணு போதும்மா, வீடு முழுக்க எரியறதுக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வழிச்சுப் போடலைன்னா நானே ஏறிடுவேன்" என்று மிரட்டுவாள். சங்கக் கூட்டத்தில் செயலாளர், "ஜனங்களை ஏம்மா சும்மா பயமுறுத்தறீங்க?" என்று கேட்டதற்கு, "பயப்படட்டும் சார். டிவியைத் தூக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பயப்படட்டும்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

பட்டியலின் கடைசிக் கட்டம் "தூக்கும் ஆள்". தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் இருந்த வீடுகள் பதினொன்று. தீ எப்போதும் பகலில், வீட்டு ஆம்பளைகள் வேலைக்குப் போன நேரத்தில்தான் வரும் என்பது அவள் கணக்கு. அதனால் பகலில் பக்கத்திலேயே இருக்கிற பதினொரு பேரைப் பிடித்தாள். இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், ஜிம் வைத்திருப்பவர், இப்படி. ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். எனக்கு விழுந்தது மேல் வரிசையில் டிரைவர் அண்ணன் வீடு.

என் அண்ணன் இல்லை, இவர் லாரி ஓட்டியவர். ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பார். எங்களுக்கெல்லாம் டெய்லர் அக்கா. ஒன்பது வயதில் ஒரு பெண், அவளுக்கு இழுப்பு. ஒத்திகை நாளில் நான் டிரைவர் அண்ணனைக் கட்டிலிலிருந்து தூக்கி வேனில் கிடத்தினேன். ஆள் இளைத்துப் பாதியாகியிருந்தார், ஒருவனே தூக்கிவிடலாம். வாய் மட்டும் இளைக்கவில்லை. ஒரு பக்கமாகக் கோணிய உதட்டோடு, "டேய் ஜெராக்ஸு, என்னை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கடா. ஒண்ணை நீ கீழ போட்டாலும் இன்னொண்ணு இருக்கும்" என்றார். "உங்களை மாதிரி ஒண்ணே இந்த ஊரு தாங்காதுண்ணே" என்றேன். டெய்லர் அக்கா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இனி அந்த நாள்.

காலையிலிருந்தே அனல் காற்று. பன்னிரண்டே முக்காலுக்கு மேட்டுக்குப் பின்னால் புகை தெரிந்தது. ஒரு மணிக்கெல்லாம் அண்ணி ரெண்டாவது வரிசை முக்கில் பட்டியலோடு நின்றுவிட்டாள். கீழே போகிற ரோடு அந்த முக்கு வழியாகத்தான் போகும். பள்ளிக்கூடத்து மினி பஸ் மேலே போய் நடக்க முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக, நெரிசல் இல்லாமல், அவள் மூன்று வருஷமாகத் தொண்டை வறளச் சொன்ன மாதிரியே ஜனங்கள் இறங்கினார்கள். நான் செய்யவேண்டியது ஒன்றுதான். வேனை எடுத்து, குவாரிப் பாதை வழியாக மேல் வரிசைக்குப் போய், டிரைவர் அண்ணனை ஏற்றிக்கொண்டு முக்கு வழியாக இறங்கவேண்டும்.

என் கடையில் கூட்டம். நம்புவீர்களா? தீ வந்துகொண்டிருக்கிறது, வீட்டுப் பத்திரத்தைக் காப்பி எடுக்க ஆறு பேர் நிற்கிறார்கள். ஒரிஜினல் எரிந்துவிட்டால் ஜெராக்ஸாவது இருக்கட்டுமாம். நான் ஷட்டரில் கை வைத்தபோது செயலாளர் ஒரு தடித்த கவரோடு உள்ளே நுழைந்தார். "தம்பி, நாப்பது பக்கம்தான். அஞ்சே நிமிஷம்ப்பா. சங்கத்துப் பத்திரமும் இதுலதான் இருக்கு" என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு, ஆனால் உண்மை: பெரிய மனுஷன் கேட்டால் எனக்கு மறுத்துப் பழக்கமில்லை.

ஒன்று இருபதுக்கு அண்ணி போன் பண்ணினாள். "தம்பி, கிளம்பிட்டியா?"

"இதோ கிளம்பிட்டேன் அண்ணி."

நாம் எல்லோரும் சொல்வதுதானே. சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே கிளம்பிட்டேன் என்போம். குளிக்கப் போகும்போதே வந்துட்டேன் என்போம். கேட்கிறவருக்கும் அது தெரியும், ஒரு கால் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வார். அன்றைக்குச் சேர்த்துக்கொள்ள நேரம் இல்லை. மெஷினில் பேப்பர் சிக்கியது. இருபத்தாறாம் பக்கம். மூடியைத் திறந்து, சிக்கின தாளைக் கிழியாமல் உருவி, மறுபடி சூடேற்றி... செயலாளர் பக்கத்திலேயே நின்று பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒன்று நாற்பதுக்கு மறுபடி அண்ணி. பின்னால் ஹாரன் சத்தம், யாரோ அழுகிற சத்தம். "தம்பி, கிளம்பிட்டீங்களா?"

அவள் கேட்டது என்னையும் டிரைவர் அண்ணனையும் சேர்த்து. மேல் வரிசையிலிருந்து கிளம்பிவிட்டீர்களா என்று. அது என் மண்டையில் ஏறவில்லை. செயலாளர் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நானும் வரேன்ப்பா, பெரிய ரோட்ல இறக்கி விட்டுடு" என்று வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். இன்னும் கடையில்தான் நிற்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரெண்டு பேராகப் போகிறோம் அல்லவா, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கிளம்பிட்டோம் அண்ணி, கிளம்பிட்டோம்."

முதல் தடவை "ட்டேன்", ரெண்டாம் தடவை "ட்டோம்". அவள் போனை வைத்துவிட்டு டிரைவர் வீட்டுக்கு நேராக டிக் அடித்தாள். அடுத்த நிமிஷம் தீயணைப்பு வண்டி முக்கில் வந்து நின்று, "மேல் வரிசைல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டது. அவள் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க. எல்லாரும் எறங்கியாச்சு" என்றாள். வண்டி மேற்குப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அங்கே பள்ளிக்கூடத்தின் பின்சுவர் வரைக்கும் தீ வந்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செயலாளரை இறக்கிவிட்டு நான் குவாரி கேட்டுக்குப் போனபோது பாதையின் ரெண்டு பக்கமும் புல் எரிந்துகொண்டிருந்தது. வேன் கண்ணாடியில் கை வைக்க முடியாத சூடு. ரிவர்ஸிலேயே ஓட்டி வெளியே வந்து, சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏறி, முக்குக்கு வந்தேன். கீழேயிருந்து மேலே வருகிற என் வேனை அண்ணி பார்த்தாள். பின்பக்கம் காலி. பட்டியலைப் பார்த்தாள். மறுபடி வேனைப் பார்த்தாள்.

"நீ இப்ப எங்கேருந்து வர்றே?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

அவள் பட்டியலைக் கீழே போட்டுவிட்டு மேல் வரிசையைப் பார்த்து ஓடினாள். நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை, முழங்காலில் வலி உள்ளவள். நானும் ஓடினேன். நூறு அடி போயிருப்போம். புகை சுவர் மாதிரி நின்றது. போலீஸ்காரர்கள் ரெண்டு பேர் அவளை இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவள் தன் பேச்சில் இல்லாத வார்த்தைகளையெல்லாம் சொல்லி அவர்களைத் திட்டினாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அறுபத்து நாலு வீட்டில் எரிந்தது ஒன்பது. செத்தது ஒருவர்.

விசாரணை பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். அதிகாரி ஒருவர், அவர் பக்கத்தில் சங்கத்தின் சார்பில் செயலாளர். நான் நாலாவது வரிசையில். டெய்லர் அக்கா முதல் வரிசையில், பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு. தூக்கும் ஆள் ஏன் போகவில்லை என்று அதிகாரி கேட்டார். அண்ணி எழுந்தாள்.

"தம்பி தயாராத்தான் இருந்துச்சு சார். டிரைவரையும் மினி பஸ்லயே ஏத்திட்டாங்கன்னு நானா நினைச்சுட்டேன். வர வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். நேர்ல பாக்காம டிக் அடிச்சதும் நான்தான்."

"யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"யாரும் சொல்லல."

செயலாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் அக்கா திரும்பி அண்ணியைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த ஹாலில் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து, அண்ணன் டூட்டியிலிருந்து வருவதற்குள், அவளைச் சமையல் கட்டில் பிடித்தேன். "ஏன் அண்ணி இப்படிச் சொன்னீங்க? நான்தானே..."

"ஆமா, நீதான்." பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், திரும்பவில்லை. "உன்னை நாலு அறை அறையணும்னு கை பரபரக்குது. ஆனா கேட்டுக்க. தூக்க வந்தவனை ஊரு கொலைகாரன்னு சொல்லிச்சுன்னா, அடுத்த தடவை எவன் தூக்க வருவான்? மிச்சம் பத்து வீடு இருக்கு. அந்தப் பத்துப் பேரும் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு கையெழுத்தை அடிச்சுட்டுப் போயிடுவாங்க. நான் தப்பு பண்ணினேன்னா பட்டியலை மட்டும்தான் மாத்துவாங்க. ஆளுங்க இருப்பாங்க."

"உங்களைத் திட்டுவாங்களே அண்ணி."

"திட்டினா தேஞ்சா போயிடுவேன்?" என்றாள். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

திட்டினார்கள். திட்டினால் பரவாயில்லை, கிண்டல் பண்ணினார்கள். மீட்டர் அக்கா டிக் அக்கா ஆகிவிட்டாள். எங்கள் காம்பவுண்டு சுவரில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் பெரிய டிக் ஒன்று போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் தண்ணீர் விட்டுத் தேய்த்தார், மறுவாரம் மறுபடி இருந்தது. யார் இவர்கள் என்று தேடிப் பிடித்து உதைக்கலாம் போல இருக்கும். பிறகு, உதை வாங்கவேண்டியவன் யார் என்று ஞாபகம் வரும். மீட்டர் பார்க்கப் போனால் கேட்டைத் திறக்கமாட்டார்கள். "வெளியவே நில்லு, ரீடிங்கை நாங்களே சொல்றோம். நீ பாட்டுக்கு எதையாவது டிக் அடிச்சுடாதே" என்று ஒருத்தி சொன்னாளாம். அந்த வீட்டுக் கூரைச் சருகை முந்தின வருஷம் ஏணி போட்டு வழித்தது அண்ணிதான். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விடு தம்பி" என்றாள்.

பட்டியலை மட்டும் அவள் விடவில்லை. யாரும் "கிளம்பிட்டேன்", "வந்துட்டேன்" என்று போனில் சொல்லக்கூடாது என்று விதி போட்டாள். எந்த இடத்தில் நிற்கிறாய், உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது, அதை மட்டும் சொல்லவேண்டும். முக்கில் முகத்தைப் பார்க்காமல் டிக் கிடையாது. ஒத்திகைக்கு முனகிக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். தூக்கும் ஆட்கள் பத்துப் பேரும் வந்தார்கள். ஜிம்காரர், "அக்கா, மளிகைக் கடை வாசல்ல நிக்கறேன், என் கண்ணுக்கு வெங்காய மூட்டை தெரியுது" என்று போனில் சொன்னதற்கு அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எட்டாவது மாதம் டெய்லர் அக்கா கடைக்கு வந்தார். மதியம், கடையில் வேறு யாரும் இல்லை. ஒரு மனு. இந்தப் பெண்மணியைப் பட்டியல் பொறுப்பிலிருந்து நீக்கவேண்டும், எங்கள் தெருவுக்கு மீட்டர் பார்க்க அனுப்பக்கூடாது என்று மின்சார அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் எழுதியது. கீழே நாற்பது கையெழுத்து. "அஞ்சு காப்பி தம்பி. உன் அண்ணி, உன்கிட்டயே கொண்டு வர்றேன், தப்பா நினைக்காதே. இங்க வேற கடை இல்ல" என்றார்.

மனுவைக் கண்ணாடி மேல் வைத்தேன். மூடியை மூடினேன். பொத்தானை அழுத்த விரல் போகவில்லை. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்பது பக்கம், சிக்கின தாள், ட்டேன், ட்டோம், எல்லாம். அண்ணி ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்பதையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொண்ணுக்கு மூச்சு இழுத்துடுச்சு. பஸ்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு. உங்க அண்ணி போன்ல, தம்பி கிளம்பிட்டான், நீ பொண்ணைக் கூட்டிட்டு ஏறுன்னாங்க. நான் அவருகிட்ட சொன்னேன், ஜெராக்ஸ் கிளம்பிட்டானாம், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவான்னு. அவரும், நீ போ, அவன் வந்துடுவான்னாரு. நீ தூக்க வசதியா இருக்கட்டும்னு கட்டிலை வாசலுக்கு நேரா இழுத்துப் போட்டேன். ரெண்டு கதவையும் விரியத் திறந்து வெச்சுட்டுப் போனேன் தம்பி. உனக்காகத்தான்."

நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கதவு வழியாத்தான் பொறி உள்ள பூந்துச்சுன்னு தீயணைப்பு ஆபீசர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. சாத்தியிருந்தா வீடு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்குமாம். எட்டு மாசமா நான்தான் கொன்னேன்னு நினைச்சுட்டிருக்கேன். ஊரு உங்க அண்ணியைத் திட்டும்போது எனக்கு ஒரு ஆறுதல். அந்த ஆறுதலுக்குத்தான் இந்த மனு" என்று சொல்லிவிட்டு எழுந்து, மூடியைத் திறந்து மனுவை எடுத்து மடித்துக்கொண்டார். "போய் எல்லார்கிட்டயும் சொல்லு. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அண்ணி சமையல் கட்டில் சொன்னது மறந்துபோய்விடவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது எனக்கு. அண்ணி கதவோரம் நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். செயலாளரை நான் மாட்டிவிட்டபோது அவர் தொண்டையைச் செருமினார். கூட்டம் என்னைக் காறித் துப்பாத குறை. துப்பட்டும் என்றிருந்தேன். ரெண்டு பொம்பளைகள் ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இஸ்திரி போடுகிறவரின் மனைவி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்க. நாளைக்கு ஒரு டயர் பஞ்சராகி இவரு லேட்டாப் போனா, இவரையும் இப்படித்தானே நிக்க வெச்சுத் துப்புவீங்க?" என்றாள். மளிகைக்காரர் எழுந்து போய்த் தன் பெயரை அடித்தார். அந்த வாரத்துக்குள் பத்துப் பேரில் ஏழு பேர் போய்விட்டார்கள். வேறு ஆள் கேட்டு அண்ணி ஒவ்வொரு கேட்டிலும் நின்றாள். இப்போது எல்லோரும் கேட்டைத் திறந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

"என் பேரைக் காப்பாத்திட்டே. சந்தோஷமா?" என்று கேட்டாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் புதுப் பட்டியலைக் காப்பி எடுக்கக் கொண்டுவந்தாள். எரிந்துபோன ஒன்பது போக ஐம்பத்தைந்து காப்பி, வீட்டுக்கு ஒன்று. தூக்கும் ஆள் கட்டத்தைப் பார்த்தேன். மூன்று வீட்டில் பழைய பெயர்கள். மிச்சம் ஏழு வீட்டிலும் அவளுடைய கையெழுத்து.

பேனாவை எடுத்தேன். அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கேட்டுப் பாத்தேன் தம்பி, ஏழு வீட்டுலயும். உன் பேரை யாரும் ஒத்துக்கல."

"நீங்க ஒருத்தி ஏழு பேரை எப்படி அண்ணி தூக்குவீங்க?"

அவள் அழிரப்பரை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன். தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டிருந்தாள். யாரை முதலில், யாரைப் பிறகு என்று. ஒவ்வொன்றாக அழித்தாள், தூளை ஊதித் தள்ளினாள், தாளை என்னிடம் நீட்டினாள். ஏழாம் எண் எந்த வீடு என்று நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். மூன்றாம் வரிசையில் நடு வீடு, ஆக்சிஜன் மெஷின் ஓடுகிற வீடு.

அன்று மாலை அந்த வீட்டு மருமகள் தன் காப்பியை வாங்கிப்போக வந்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடைசிக் கட்டத்தைத் தேடினாள்.

"எங்க மாமனாருக்கு யாருங்க போட்டிருக்கு?"

"எங்க அண்ணி."

"அப்பாடா," என்று மூச்சு விட்டாள். "மீட்டர் அக்கான்னா கவலையில்லை. அவங்க வந்துடுவாங்க."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த காப்பியை எடுத்தேன்.